பாஸ்வேர்டு போட்ட குடங்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை, எங்கள் தெருவில் ஒரே நாளில் பதினான்கு பேர் பிறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இல்லை... பிரவுசிங் சென்டரில்!

கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வருகிறது. லாரி வந்தால் போதும் – குடத்துக்குக் குடம் இடி, வாய்க்கு வாய் சண்டை. 'இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன்' என்று நான்தான் கிளம்பினேன். முப்பத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கித் தலைகளை எண்ணி, முனையில் இருக்கும் சலீமின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அழகாக ஒரு எக்செல் ஷீட் போட்டேன். வீட்டு எண், ஆட்கள், ஆளுக்கு நாலு குடம். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியாயிற்று.

சண்டை நின்றது! எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் 'கம்ப்யூட்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் மாலை விழாததுதான் பாக்கி.

அந்தப் புதன்கிழமை கடைசி மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. அதில் ஒன்று... என் வீடு.

சுவரில் இருந்த பட்டியலைப் படித்தேன். புத்தம்புதிய பிரிண்ட். பதினான்கு தலைகள் அதிகம்! லாரிக்கு முன்னால் நின்று வரிசையைக் கட்டி மேய்க்கும் துரை அண்ணன் – துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர் – அவர் வீட்டிலேயே மூன்று பேர்!

"இன்னாண்ணே இது?"

"ஊர்லேர்ந்து தம்பி, தம்பி பொஞ்சாதி வந்துகினு கீறாங்கம்மா."

"எப்போ வருவாங்க?"

"வந்துகினே கீறாங்க."

நேராக சலீமிடம் போனேன். ஷீட் அவன் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது?

"நான் இன்னாக்கா பண்றது? ஆளாளுக்கு வந்து மூஞ்சையே பாத்துகினு நிக்கிறாங்க. ஒரு ஆள் ஏத்துடான்றாங்க. பேஜாரா பூட்ச்சு."

சும்மா விடுவேனா? உண்மையான கணக்கைத் திரும்பவும் போட்டு, ஷீட்டுக்கு புரொட்டெக்‌ஷன் கொடுத்தேன். யாரும் ஒரு கட்டத்தைக்கூட மாற்ற முடியாது. நிம்மதியாகத் தூங்கினேன். நாலே நாள்! சுவரில் மறுபடியும் ஒன்பது குழந்தைகள்.

"ஷீட்டை நான் தொடவே இல்லக்கா! அப்டியே காப்பி பண்ணி வேற ஷீட்டுல ஒட்டினேன். அதுல மாத்தினேன்." – சலீம் சிரிக்காமல் சொன்னான்.

இது எனக்குத் தோன்றவில்லையே! அந்த ஒன்பதையும் வெட்டிவிட்டு, இந்தத் தடவை ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு போட்டேன். பிரிண்ட்டில் பச்சை மையில் என் கையெழுத்து. கையும் களவுமாக மாட்டிய துரை அண்ணன் திடீரென்று என்னைவிடக் கறாராகிவிட்டார். "கையெழுத்து இல்லாத லிஸ்ட்டு செல்லாது. அவ்ளோதான்!" சலீமும் கையைத் தூக்கிவிட்டான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. அதே தெம்பில் பத்து நாள் அக்கா வீட்டுக்கு வேலூர் போய்விட்டேன்.

திரும்பி பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். சலீம் ஓடி வருகிறான்.

"எங்கக்கா பூட்டே? அலமேலு அக்கா பொண்ணு பிரசவத்துக்கு வந்துச்சு. வந்த மூணாம் நாளே பெத்துகிச்சு. லிஸ்ட்டுல ஏத்தலாம்னு பாத்தா ஃபைலு தொறக்கல. உன் பேரு, மாமா பேரு, தெரு பேரு, நீ பத்திரிகையில எழுதுறியே அந்தப் பத்தி பேரு... எல்லாம் அடிச்சுப் பாத்துட்டேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலமேலு அக்கா எங்கள் எதிர்வீடு. அவரும் கணவரும் மட்டும்தான். இரண்டு பேருக்கு எட்டுக் குடம். அதில் பச்சை உடம்புக்காரி எப்படிக் குளிப்பாள்? பிள்ளையின் துணியை எதில் அலசுவார்கள்? திருடர்களுக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று ஒரு பச்சைக் குழந்தையை வெளியே நிறுத்திவிட்டேனே!

பையோடு ஓடினேன். நல்ல வசவு காத்திருக்கிறது என்று தெரியும். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

அலமேலு அக்கா வீட்டு நடையில் காலை வைக்க இடமில்லை. பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்கள்... ஒவ்வொன்றிலும் வேறு வேறு வீட்டு எண், பெயிண்ட்டில். எல்லாம் தளும்பத் தளும்ப!

"துரை அண்ணன்தான் மொதல்ல ரெண்டு குடம் கொண்ணாந்து வெச்சாரு. அப்பால ஆளாளுக்கு ஒண்ணு. வேணாம்னாலும் கேக்கல. நீ ஏன் இப்டி மூச்சு வாங்குற? குந்து, டீ போடுறேன்" என்றார் அக்கா.

பொய்த் தலைகளையெல்லாம் நான் வெட்டிவிட்ட பிறகு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவரவர் நாலு குடத்திலிருந்துதான். பட்டியலில் கை வைத்துத் திருடிய அதே ஆட்கள், கேட்காமலே கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களை எந்தக் கட்டத்தில் அடைப்பது, சொல்லுங்கள்?

டீயைக் குடித்துவிட்டு நேரே சலீம் கடைக்குப் போனேன். பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். பின்னாலேயே அரைத் தெருவும் வந்து நின்றது. ஷீட்டில் அலமேலு அக்கா வீட்டுக் கட்டத்தில் மகளைச் சேர்த்தேன்.

"பாப்பாவுக்கு அரை ஆளா, முழு ஆளாக்கா?" – சலீமுக்கு சந்தேகம்.

"இன்னாடா அரை ஆளு?" துரை அண்ணன் சீறினார். "தெருவுலயே அதுக்குத்தான்டா துணி நெறைய கீது! ரெண்டு ஆளா போடும்மா."

எல்லோரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு என்றே அடித்து, பச்சை மையில் கையெழுத்தும் போட்டேன்!