முணுமுணுத்துக்கொண்டே எழுதிய பரீட்சை

தாம்பரத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கிலப் பாடம் எடுத்து வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் 'டிட் யூ வென்ட்' என்றே எழுதினார்கள். திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். பாட்டாகச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் டேப் ரெக்கார்டரில் ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் போட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே பாதிதான் புரிந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. அன்று மாலை நானே ஒரு பாட்டு எழுதினேன். 'டிட் யூ கோ டு தி லேக்?' என்று பாதி வகுப்பு கேட்க வேண்டும்; 'யெஸ், ஐ வென்ட்' என்று மறுபாதி பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் பாடிக் காட்டியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செம்பாக்கத்திலிருந்து வருகிறவள். என் வகுப்பில் அதுவரை வாய் திறந்ததில்லை.

"மிஸ், தாளத்துல குந்த மாட்டேங்குது."

"அப்போ நீயே சரி பண்ணு."

பெஞ்சில் தட்டியபடி கேள்வியை இழுத்துப் பாடி, 'வென்ட்'டில் வெட்டி நிறுத்தினாள். வகுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. தினம் ஒரு வரி சேர்ந்தது. பக்கத்து அறைக் கணக்கு சார் வந்து முறைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு பாடினோம்.

அரையாண்டு ஆங்கிலத் தேர்வன்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள்.

"எழுதும்போது முணுமுணுத்துக்கிட்டே இருந்தாளாம். யாருக்கோ ஆன்சர் சொல்லியிருக்கா."

"இல்ல சார், பாடிப் பார்த்திருப்பா. வேணும்னா இப்பவே கேட்டுப் பாருங்க." என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. அவள் பக்கம் திரும்பினார். "நேத்து பஸ்ஸைப் பார்த்தியா? இங்கிலீஷ்ல சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் பாவாடையில் தட்டினாள். "டிட் யூ சீ தி பஸ் யெஸ்டர்டே?"

"'பஸ்ஸைப் பார்த்தேன்'னா?"

"ஐ சா தி பஸ்."

நாலைந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். 'கொண்டுவந்தேன்' என்றபோது மட்டும் 'ஐ ப்ரிங்டு' என்றாள். சட்டென்று அவளே, "அது இன்னும் பாட்டுல வரல சார்" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விடைத்தாளை நீட்டினார். "போய் மிச்சத்தை எழுது. சத்தம் வரக் கூடாது."

அவள் தேறிவிட்டாள். ஆனால் வகுப்பில் ஒன்பது பேர் தேறவில்லை. இரண்டு நாள் மனசு சரியில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த ஒன்பது பேரையும் முன் பெஞ்சுக்கு மாற்றி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.