காய்ந்த பல்லின் படம்

பல் மருத்துவமனையில் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவள் வேலை. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள், பஞ்சு எடுத்துக் கொடுப்பாள். பதினாறு வருடமாக முகக்கவசத்துக்குள்ளிருந்தே பேசியதில் அவளுடைய பல்லை டாக்டர்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு இவள் தன் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். கழற்றியபோது பல் வரிசையாக இருந்தது. ஆனால் முன்பற்களில் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெள்ளைத் திட்டுகள். அன்று மூடிய உதடுதான், சிரிக்கும்போதுகூடத் திறந்ததில்லை.

ஆறு வருடம் கழித்து அக்கா வருகிறாள், இரண்டு ரயில்களுக்கு நடுவே மூன்று மணி நேரம். அவளாவது பார்த்து, ‘என்னடி, ஆளே மாறிட்ட’ என்று சொல்ல வேண்டும் என்று இவளுக்கு ஆசை. திட்டுகளை எடுத்துவிட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாள்.

“இத்தனை வருஷம் வாயைத் திறக்கவே இல்லியேம்மா?” என்றார் அவர்.

“திறந்து யார்கிட்ட பேசப்போறேன் டாக்டர்?”

சிகிச்சை தொடங்குமுன், பல் ஈரமாக இருக்கும்போதே முதல் படத்தை எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் திட்டு இரண்டு மடங்கு வெளுத்துக் காட்டும். மறதிக்கார டாக்டருக்கு அதை ஞாபகப்படுத்துவது எப்போதும் அவள்தான். இன்றோ அவள் வாயைச் சுற்றி ரப்பர் திரை, பேச முடியாது. அவர் பல்லை ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் கேமராவைத் தேடினார். அவள் கையை ஆட்டினாள்.

“வலிக்குதா? இதோ முடிஞ்சிடும்மா.”

ஜெல் தடவிக் கழுவி, பிசின் மாதிரியான திரவத்தைத் திட்டுகளில் ஊறவிட்டு, நீல விளக்கைக் காட்டினார். கண்ணாடியில் திட்டுகளைத் தேட வேண்டியிருந்தது.

அக்கா வந்தாள். இவள் குடியிருந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, “இளைச்சுட்டியே, ஒழுங்கா சாப்பிடறியா இல்லியா?” என்றாள். பிறகு நரைமுடியைப் பற்றி, ஒழுகும் குழாயைப் பற்றி. இவள் எல்லாவற்றுக்கும் பல் தெரியச் சிரித்தாள். கன்னம் வலித்தது.

கடைசியில் தானே கேட்டாள். “என் பல்லைப் பார்த்தியாக்கா?”

“ஏன், வலியா?”

“இல்ல, முன்னாடி வெள்ளை வெள்ளையா இருக்குமே.”

“உனக்கென்னடி, கம்பி போட்டு எப்பவோ அழகாக்கிக்கிட்ட.”

டாக்டர் எடுத்த அந்த முதல் படத்தைப் போனில் காட்டினாள். அக்கா முகம் சுளித்தாள். “ஐயே, யாரு பல்லு இது?”

“என்னோடது.”

“போடி. இப்படி இருந்தா என் கண்ணுல படாமலா போயிருக்கும்?”

“காயவச்சு எடுத்துட்டாருக்கா. நிஜத்துல இதுல பாதிதான்.”

“பாதிக்கே இவ்வளவு பேச்சா?” என்று சிரித்தபடி அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஸ்டேஷன் வரை பிள்ளைகளின் மார்க்கைப் பற்றியே பேச்சு. ரயில் நகர்ந்ததும் இவள் வாய் நிறையச் சிரித்துக் கையசைத்தாள். அக்கா உள்ளே திரும்பி யாரிடமோ இருக்கை எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி போன பிறகும் அந்தச் சிரிப்பு இறங்கவில்லை. எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், அது தனக்குத்தான் என்று நினைத்து, பதிலுக்குத் தலையசைத்தார்.