ஆறு பத்துக்கு விழும் வரி

அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்கொத்து என்று பெயர். இடுப்பில் பார்த்தால் ஒரு சாவியும் கிடையாது. நிறுவனத்தின் மென்பொருள்கள் எங்கோ இருக்கும் சர்வர்களைத் திறக்கப் பயன்படுத்தும் ரகசியச் சாவிகளை, அந்த நீள நீளமான எழுத்துச் சரங்களை, மாதம் ஒருமுறை மாற்றுவது அவள் வேலை. புதியதைக் கொடுப்பாள், பழையதை யாரும் தொடவில்லை என்று பதிவேட்டில் பார்த்த பிறகே மூடுவாள். பதினொரு வருடத்தில் ஒரு சாவியைக்கூடக் கெடு தாண்ட விட்டதில்லை.

ஒன்றைத் தவிர. அது பக்கத்து சீட்டுக்காரன் வாங்கிய சாவி. இரண்டு வருடத்துக்கு முன் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனவன். போகும்போது "வர்றேன், சாவி" என்றான். அவள் திரையைப் பார்த்தபடியே தலையாட்டி வைத்தாள். ஆனால் தினமும் காலை ஆறு பத்துக்கு அந்தச் சாவியை யாரோ பயன்படுத்தியதாகப் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. எந்தக் கிளையிலிருந்து பயன்படுத்தினாலும் பதிவேட்டில் ஒரே முகவரிதான் விழும், இடம் தெரியாது. விடிந்தும் விடியாமலும் எழுந்து அவன்தான் எதையோ சோதிக்கிறான் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். வந்ததும் அந்த வரியைப் பார்த்தால்தான் அவளுக்குக் காபி இறங்கும். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும்.

கெடு தாண்டிய அந்தச் சாவியை மூடச் சொல்லித் தணிக்கைக்காரர் விடவில்லை. சாக்குகள் தீர்ந்துபோய், ஒரு மாலை அதை மூடினாள். மூடுமுன் அவனிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். சாவி வேலை செய்யாவிட்டால் அவனே கூப்பிடுவான் என்று ஓர் ஆசை.

மறுநாள் பதிவேட்டில் "அனுமதி இல்லை" என்று மூன்று வரி. போன் அடிக்கவில்லை. பக்கத்துக் காலி மேசைக்கடியில்தான் ஏதோ பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். தூசி படிந்த, உள்ளங்கை அளவு கணினி. மேலே ஒட்டிய காகிதத்தில் அவன் கையெழுத்து: "சாவிகிட்ட கேக்காம யாரும் கழட்டாதீங்க."

இரண்டு வருடமாக அவள் ஏங்கியது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த ஒரு டப்பாவுக்காக. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

துடைத்து எடுத்து, உள்ளேயிருந்த நிரலைத் திறந்தாள். திறக்கிற யார் கண்ணிலும் படும்படி, சாவியை அப்படியே நிரலுக்குள் எழுதி வைத்திருந்தான். இதற்காக அவனை எத்தனை தடவை திட்டியிருப்பாள். அதற்கு மேல் ஒரு குறிப்பு வேறு:

# இத மாத்தணும். இல்லன்னா சாவி திட்டுவா.

குறிப்பைத் தொடாமல், கீழ் வரியை மட்டும் மாற்றினாள்:

key = vault.get("kaalai")

இனி அதுவே பெட்டகத்திலிருந்து மாதாமாதம் புதுச் சாவியை எடுத்துக்கொள்ளும். கழற்றி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை.

மறுநாள் வந்து பார்த்தாள். ஆறு பத்துக்கு வரி விழுந்திருந்தது. அது அவன் இல்லை என்று தெரிந்துதான் பார்த்தாள். காபி இறங்கியது.