ஆடுகள் மிதித்த வயல்

அஸ்னாகு சிறுமியாகப் பள்ளியில் படித்த ஆங்கிலப் பாடநூலில் ஒரு மாட்டுக்கும் திமில் இல்லை. ஏதோ நோய் கண்ட மாடுகள் என்று வகுப்பே இரக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் டெப்ரே மார்கோஸ் ஊரில் ஆங்கில ஆசிரியை ஆனதும் அவளே சிறுவர் நூல்கள் எழுதத் தொடங்கினாள். மேலே அம்ஹாரிக், கீழே ஆங்கிலம், நடுவில் திமிலுள்ள மாடு. கழுதைப்புலி பற்றி ஒன்று வந்தது, காப்பி வறுப்பது பற்றி இன்னொன்று. இப்போது டெஃப் என்னும் சிறுதானியத்தின் விதைப்பு.

படங்களை வரைந்த ஹெனோக் அடிஸ் அபாபாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அனுப்பிய படங்களை அச்சகத்தில் பிரித்துப் பார்த்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். உழுத வயலில் ஆடுகள். கம்போடு ஒருவர் அவற்றை வெளியே விரட்டிக்கொண்டிருந்தார்; அவள் எழுதியிருந்ததோ ஆடுகளை உள்ளே ஓட்டுவதாக. உடனே அவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஆட்ட ஏன்டா வெரட்டுற?"

"வயல்ல எறங்குன ஆட்டுக்குக் காப்பியா ஊத்துவாங்க? நீங்கதான் தப்பா எழுதிட்டீங்கன்னு திருத்திட்டேன், டீச்சர்."

"டெஃப் வெத கடுகைவிடப் பொடிசு. மண்ணு பொலபொலன்னு இருந்தா உள்ள போய்ப் பொதஞ்சுடும். ஆடு மாடு மிதிச்சு இறுக்குன பெறகுதான் வெதைப்போம்."

அச்சகக்காரர் பெலாய் குறுக்கிட்டார். "ஒரு பக்கந்தானே, விடு தங்கச்சி. மழை முடிஞ்சதும் புத்தாண்டு, அடுத்த வாரமே அதோட நாட்காட்டி மெஷின்ல ஏறிடும். அப்புறம் பண்டிகை முடியிற வரைக்கும் எடமில்ல."

"அந்தப் பக்கத்தப் பாத்துப் பிள்ளைங்க சிரிச்சா, மத்த பக்கத்த யாரு நம்புவாங்க அண்ணே?"

மறுநாளே ஹெனோக்கை வரவழைத்து, மழையோடு மழையாகத் தன் தம்பியின் வயலுக்கு இழுத்துப் போனாள். அங்கே மிதிப்பு நடந்துகொண்டிருந்தது. தம்பியின் மனைவி, ஸெவ்தித்து என்பவள், ஹெனோக்கின் பளபளத்த காலணியைப் பார்த்தாள்.

"இத எந்தக் கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்தீங்க? கழட்டிட்டு எறங்குங்க. ஆடு பத்தல."

இறங்கினான். முழங்கால்வரை சேறு. ஆடுகளின் பின்னால் போகப் போக, கால் புதைவது குறைந்ததை அவனே உணர்ந்தான். "கெட்டியாயிடுச்சு டீச்சர்," என்றான் மெதுவாக. வரப்போரம் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, அங்கேயே பென்சிலால் வரைந்தான். படத்தில் ஆடுகளுக்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் மிதித்து வந்தார்கள்.

"வண்ணம் தீட்ட நாலு நாளாவது வேணும்."

"வேணாம். இப்படியே குடு."

அச்சகத்தில் பெலாய் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாப் பக்கமும் வண்ணம், இது மட்டும் பென்சில். எங்கிட்ட மை தீந்துபோச்சுன்னு ஊரே பேசும்."

"பேசட்டும். அம்ஹாரிக்லயும் இங்கிலீஷ்லயும் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கு. படமும் அப்படியே இருக்கட்டும்."

"அப்புறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது."

"மெஷின ஓட்டுங்கண்ணே."

பெலாய் முணுமுணுத்துக்கொண்டே விசையைத் தட்டினார். முதல் தாள் வெளியே வந்தது. அஸ்னாகு அதை ஈரத்தோடு எடுத்து, ஆடுகளைப் பார்த்தாள். வயலுக்குள்தான் நின்றன.