சேற்றில் மரம் வேண்டாம் என்றவர்

பழவேற்காடு ஏரியோரம் அலையாத்திச் செடி நட ஒரு கம்பெனி முன்வந்தது. இடம் சரிதானா என்று பார்க்க, காடு வளர்ப்பில் ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவை அனுப்பினார்கள். என் படகில்தான் அழைத்துப் போனேன். ஒல்லியான உருவம், வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் போடும் பெரிய சட்டை. முக்கியமாக எதையாவது சொல்வதற்கு முன்பு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

சேற்றுத்திட்டில் எங்கள் ஊர்ப் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பூநாரைகள் மேய்ந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"இங்க செடி வேணாம்னு எழுதப் போறேன். மரம் வந்தா இந்தத் திறந்த சேறு மூடிப்போயிடும். அப்புறம் இப்டி கையால தடவி இறால் புடிக்க முடியாது, பறவையும் மேய வராது."

சேற்றிலிருந்த என் தங்கை நிமிர்ந்தாள். "இன்னாம்மா, நடவுக் கூலி வரும்னு இருந்தோம். கெடுத்துட்டியே!"

"கோவம் வரத்தான் செய்யும்மா," என்றார்.

திரும்பும்போது நான் கேட்டேன்: "இப்டி எழுதினா கம்பெனிக்காரங்க மறுபடி உங்களக் கூப்புடுவாங்களா மேடம்?"

"மாட்டாங்கண்ணா."

அப்படியே ஆயிற்று. நடவு நின்றது, அவரும் அதற்குப் பின் வரவில்லை. தங்கை இன்றும் அந்தத் திட்டில்தான் இறால் தடவுகிறாள், இன்றும் அவரைத் திட்டுகிறாள். தன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டு, என் படகில் அவ்வளவு அமைதியாக எப்படி உட்கார்ந்து வந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.