கற்பூர எண்ணெயும் பிளாஸ்டரும்

எண்பதுகளின் நடுவில் என்னை அந்த வேலைக்குப் போட்டார்கள். சின்ன மருத்துவமனைகளில் உயிருக்குப் போராடும் பிள்ளைகளை ஆம்புலன்ஸில் போய் எடுத்துவந்து, எங்கள் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் தாதி வேலை. “இனிமே சைரன் போட்டுப் பறப்பேன்னு சொல்லு!” என்றாள் பிடோக்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பறப்பதாவது! இந்த வேலையில் பாதி, பறக்கச் சொல்கிறவர்களை நிறுத்தி வைப்பதுதான். ஓடுகிற வண்டிக்குள் எதையும் சரிசெய்ய முடியாது, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். இதைச் சொன்னால் ஒருவர் மண்டையிலும் ஏறாது.

ஒருநாள் தேக்காப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. இரண்டு மாத ஆண் பிள்ளை, தமிழ்க் குடும்பம். நெஞ்சுச் சளி முற்றி மூச்சிழுக்கவே தெம்பில்லை. என்னோடு வந்த சீன டாக்டர், அவரும் வேலைக்குப் புதிதுதான், வாய் வழியாகக் குழாயை இறக்கினார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தார். குழாய் அசையாதபடி கன்னத்தோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டுவது என் வேலை. வழியில் குழாய் நழுவினால் பிள்ளை போய்விடும்.

ஒட்டினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று ஒட்டினேன், அதுவும் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் கன்னமெல்லாம் மினுமினுப்பு, கற்பூர நெடி. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சு, மூக்கு, கன்னம் ஒன்று விடாமல் பூசியிருக்கிறார்கள். சளி பிடித்தால் நம் வீடுகளில் வேறென்ன செய்வார்கள்? எனக்கும் பூசி வளர்த்ததுதான்.

“எண்ணெய், டாக்டர். துடைக்காம கிளம்ப முடியாது” என்றேன்.

“நான் கையால பிடிச்சுக்கிறேன், கிளம்பு லா!” என்று ஆங்கிலத்தில் கத்தினார் அவர். எம்ஆர்டி ரயிலுக்காக ஊரெல்லாம் ரோட்டைத் தோண்டி இரும்புத் தகடு போட்டு மூடியிருந்த காலம் அது. அந்தக் குலுக்கலில் கையாவது நிற்பதாவது! முடியாது என்றேன்.

பிள்ளையின் அப்பா பாய்ந்து வந்தார். “மிஸ்ஸி! புள்ள உயிருக்குத் தவிக்குது, நீங்க மூஞ்சி தொடச்சுக்கிட்டு இருக்கீங்க! தமிழாளுதானே நீங்க? மனசாட்சி இல்லையா?”

என்னவோ நான் பொட்டு வைத்து அழகு பார்க்கிற மாதிரி! “வெளிய நில்லுங்கண்ணே” என்று கத்திவிட்டேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், உலரவிட்டேன், மறுபடி துடைத்தேன். கடைசியில் ஒட்டியது.

வழியில் வண்டி ஒரு தகட்டின் மேல் ஏறித் தூக்கிப் போட்டது. டாக்டர் கூரையில் இடித்துக்கொண்டார். குழாய் இம்மியும் நகரவில்லை. அதை யார் பார்த்தார்கள்? ஒன்றும் ஆகாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் அப்பா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வண்டி ஓட்டியவருக்கும் ஒரு கும்பிடு. என்மீதோ மறுநாள் மேட்ரனிடம் புகார்: வேண்டுமென்றே தாமதம் செய்தேனாம், மரியாதையில்லாமல் பேசினேனாம். நடந்ததைச் சொன்னேன். டாக்டரோ ரவுண்ட்ஸ் இருக்கிறதென்று நழுவிவிட்டார். “போய் ஒரு சாரி சொல்லிடு, முடிஞ்சுது” என்றார் மேட்ரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

சில நாள் தள்ளிப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பால் வரத் தாமதமாம், அது வார்டே அதிர வீறிட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, அன்னைக்கு லேட் ஆனதுக்கு மன்னிச்சிடுங்க.”

“என்ன மிஸ்ஸி? ஒண்ணும் கேக்கல!”

“ஒண்ணுமில்லண்ணே. புள்ளைக்குப் பசி, பாருங்க.”

மன்னிப்புக் கேட்டாயா என்றார் மேட்ரன். கேட்டாச்சு என்றேன். பொய்யா என்ன? நான் கேட்டேன், அவர் பிள்ளைதான் அதை அவர் காதில் விழவிடவில்லை.