ராயபுரம் மீட்டிங் டிரைலர் அண்ணன்

"டிரைலர் அண்ணன் செத்துட்டாரு."

காலை ஆறரைக்கு மீட்டிங் நண்பர் ஒருவர் போன் செய்து சொன்னார். மாரடைப்பாம்... நேற்று மத்தியானம் லாரியில் ஏறப் போனவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

என்ன மீட்டிங் என்று கேட்பீர்கள். குடியை விட்டவர்களும், விட முடியாமல் தவிக்கிறவர்களும் வாராவாரம் கூடுகிற மீட்டிங். எட்டு மாதமாகப் போகிறேன். ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் பாதிப் பேருக்கு இது இப்போதுதான் தெரியும்... தெரிந்தால் தெரியட்டும்.

அண்ணனின் பெயரை இங்கே போட மாட்டேன். எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே யாரும் யாரிடமும் முழுப் பெயர், அட்ரஸ் கேட்பதில்லை. டிரைலர் லாரி ஓட்டுகிறவர், அதனால் டிரைலர் அண்ணன்.

அவர்தான் என்னைப் பிடித்தார். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் செக்கர். ஒரு மத்தியானம் அவர் வண்டி நம்பரை மூன்று தடவை தப்பாக எழுதினேன். இறங்கி வந்து பக்கத்தில் நின்று என்னை மோந்து பார்த்தார். மேனேஜரிடம் போட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம சாய்ந்திரம் ராயபுரம் வர்றியா? டீ குடுப்பாங்க."

"இன்னா மேட்டர்ண்ணா?"

"நீ நம்பர் தப்பா எழுதுற மேட்டர்தான்."

போனேன். தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைக்கப் போகிறான் என்று தெருவை மூன்று ரவுண்டு சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். சின்ன ஸ்கூல், ஒன்றாம் கிளாஸ் ரூம். குட்டி பெஞ்சுகளில் பெரிய பெரிய ஆம்பளைகள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு உட்காரவே முடியவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது... தண்ணீர், பாத்ரூம், போன் என்று நாலு தடவை எழுந்து போனேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் காலை ஒதுக்கி வழிவிட்டார். ஐந்தாவது தடவை வாயைத் திறந்தார்.

"இன்னா நைனா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா? இத்தினி ரவுண்டு வர்ற?"

ரூமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

சம்பள நாளில் கரெக்டாக ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு அவர் போன் வரும்.

"எங்க கீற?"

"வூட்டுக்குப் போய்கினு கீறேண்ணா."

"எந்த வழியா?"

ஒயின் ஷாப் இல்லாத வழியைச் சொல்கிற வரைக்கும் விட மாட்டார். சில நாள் கடுப்பாகி கட் பண்ணியிருக்கிறேன். மறுபடியும் அடிப்பார், மனுஷன்.

இன்று காலை நண்பர் போனில் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. நமக்கெல்லாம் ஷிப்ட் கீது, சாய்ந்திரமா நாலு பேரா சேந்து வூட்டுக்குப் போய்ட்டு வர்லாம். தனியா மட்டும் போவாத. சாவு வூட்ல சரக்கு ஓடும்."

கேட்டேனா? இருப்புக் கொள்ளவில்லை. லீவு சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

முகத்துவாரக்குப்பம் பக்கம் என்று மட்டும்தான் தெரியும். டீக்கடையில் "டிரைலர் அண்ணன் வூடு எது?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவருடைய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸையே இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ பழைய போட்டோ, பெரிய மீசை, கூலிங் கிளாஸ், யாரோ ஒருவர் பெயர்... என் அண்ணனுக்கு மீசையே கிடையாது. மூன்றாவது தடவைதான் அந்தச் சிரிப்பு கண்ணில் பட்டது.

வாசலில் மேளம். ஐஸ் பெட்டி. மாலையைப் போட்டேன். முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணியின் தம்பி ஒருவர் என் தோளில் கை போட்டு என்னை ஷாமியானாவுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"நீ மாமாவுக்கு தோஸ்தா?"

"ஆமாண்ணா."

"அழுவாத. மாமா பேரச் சொல்லி ஒரு கட்டிங் வுடு. தூக்கசொல்ல நீயும் ஒரு தோள் குடு."

சரக்கு ஊற்றிய பிளாஸ்டிக் கிளாஸ் என் கைக்கு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாசமாகத்தான் கொடுத்தார். நான் யார், அண்ணனை எப்படித் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

சத்தியமாகச் சொல்கிறேன்... வாய் வரைக்கும் கொண்டு போனேன். அண்ணனுக்காக ஒரே ஒரு வாய், அப்புறம் தோள் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று மனசு பேரம் பேசியது.

கிளாஸைச் சேர் மேல் வைத்தேன். "வாந்தி வருதுண்ணா" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து... ஓடினேன். செருப்பு அங்கேயே கிடக்கிறது.

இப்போது பஸ் ஸ்டாப்பில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறேன். ரோட்டுக்கு எதிரே ஒயின் ஷாப். நண்பருக்குப் போன் போட்டுவிட்டேன், ஷிப்டை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறார். அவர் வருகிற வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாது, அதற்குத்தான் இதை டைப் பண்ணுகிறேன்.

மணி இரண்டு பத்து. மேளம் வேகமாகிறது. எடுத்துவிட்டார்கள் போல.

அண்ணா... உன்ன தூக்குற நேரத்துல ஓடி வந்துட்டேன். மன்னிச்சிக்க. நல்லபடியா போய்ட்டு வா.

குடிக்கலண்ணா.